டேப்பின் மறுமுனை

படித்துவிட்டுப் பயமாக இருந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நடந்தது என்று நம்பினால் போதும். நடந்த இடத்தில் நான் நின்றேன். கையில் அளவு டேப் இருந்தது. எனக்குப் பிரமை பிடித்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். டேப்புக்குமா பிடிக்கும்?

கடலோர அளவீட்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. ஊருக்கு வெளியே, கடலை ஒட்டி உயரமான மண்கரை ஒன்று உண்டு. அதன் மேல் நடைபாதை. தொப்பையைக் குறைக்க வருபவர்கள் காலையில் நடப்பார்கள். கைகோத்துக்கொண்டு வருபவர்கள் மாலையில் நடப்பார்கள். பாதை நெடுக, பழைய போர்க்காலத்தில் கட்டிய நான்கு பீரங்கிக் கூண்டுகள். ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்ட் சுவர். கடலைப் பார்த்து நீளமாக, ஒடுக்கமாக ஒரு ஜன்னல். பின்பக்கம் குனிந்து நுழையும் வாசல். பீரங்கிகளை எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே மணலும், சுவரில் காதலர்கள் கிறுக்கிய எழுத்துகளும்தான் மிச்சம்.

கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. எவ்வளவு தின்றது என்று தெரிய, மாதம் ஒருமுறை ஒவ்வொரு கூண்டின் சுவரிலிருந்தும் கரையின் விளிம்பு வரை அளப்போம். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கூண்டுக்குள் நின்று, ஜன்னலடியில் அடித்திருக்கும் ஆணியில் டேப்பின் வளையத்தை மாட்டி, நழுவாமல் அழுத்திப் பிடிப்பார். மற்றவர் சுருளை எடுத்துக்கொண்டு விளிம்புக்குப் போவார்.

அங்கே அடிக்கும் காற்றில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் டேப்பாலேயே பேசிக்கொள்வோம். இரண்டு சின்ன இழுப்பு என்றால் ‘பிடிச்சாச்சு’. ஒரு நீண்ட இழுப்பு என்றால் ‘நில்லு, மேல போகாதே’. மூன்று என்றால் ‘முடிஞ்சது, சுருட்டு’.

என்னோடு அளக்க வருபவன் ஒருவன். முனையைப் பிடிப்பவன் அவன். அளவு அவன் கையில்தான் தொடங்கும். அதனால் அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர் பூஜ்யம்.

“பூஜ்யம்னா இளக்காரமா? என்னை எடுத்துட்டா உன் பத்து வெறும் ஒண்ணு” என்பான் என்னிடம்.

எனக்குப் பதில் வராது. பேச்சு எனக்கு எப்போதும் அரை மணி நேரம் கழித்துத்தான் வரும். எங்கள் ஜீப் ஓட்டும் அண்ணன், “இந்தப் பாப்பா வாயைத் திறக்கிறதுக்குள்ள கடலே வத்திடும்” என்பார்.

டேப்பில் மட்டும் நான் வாயாடி. வேலை முடிந்து மூன்று இழுப்பு வந்த பிறகு, அவன் பக்கமிருந்து இன்னொரு சின்ன இழுப்பு வரும். அதற்கு எங்கள் வேலையில் அர்த்தம் கிடையாது. நானும் ஒன்று இழுப்பேன். ஒரு வருடம் இப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் அவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கல்யாணம் பேசி முடித்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல். முந்தின இரவு பேய்மழை. காலையில் போன் செய்தான்.

“மூணாவது கூண்டுல புதுசா விரிசல் விட்டிருக்காம். ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுறேன். நீ மாத்திரை போட்டுட்டுத் தூங்கு.”

“சரி” என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

அவன் திரும்பி வரவில்லை. போன் மட்டும் கிடைத்தது. மூன்றாவது கூண்டுக்கு எதிரே, விளிம்பை ஒட்டிய புல்லில். அதைப் பார்த்ததும் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். படகுகள் தேடின. மூச்சடக்கி மூழ்குபவர்கள் தேடினார்கள். கூண்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எப்போதும் போல மணல்தான் இருந்தது. ஐந்து வாரம் ஆனது. கடல் எதையும் திருப்பித் தரவில்லை.

அவன் அம்மாவை அத்தை என்று கூப்பிடப் பழகியிருந்தேன். அத்தை வாசற்கதவைத் தாழ்போடுவதை நிறுத்திவிட்டார். “அவன் சாவி எடுத்துட்டுப் போகலடி” என்பார். இரண்டு தட்டு எடுத்து வைப்பார். பிறகு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். போய்விட்டான் என்று அழவும் முடியவில்லை, வருவான் என்று நம்பவும் முடியவில்லை. “நல்லதோ கெட்டதோ, எங்கே இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

எனக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

இதற்கிடையில் மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். கூண்டுகள் ஆபத்தானவை. உள்ளே சிமெண்ட் கலவையை ஊற்றி நிரப்பிவிட வேண்டியது. மறுநாள் காலை லாரி வரும். அதற்கு முன்னால் கடைசியாக ஓர் அளவு எடுக்க வேண்டும். நானே போகிறேன் என்றேன்.

ஜீப் அண்ணன் வண்டியைப் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தினார்.

“நான் வண்டியிலேயே இருக்கேன் பாப்பா. முட்டி சரியில்ல. ஆணியில மாட்டிட்டு நீயே அளந்துட்டு வந்துடு. இருட்டறதுக்குள்ள வா.”

மணி ஐந்து நாற்பது. கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. அந்தக் கரையில் காற்றில்லாத மாலையை நான் அதுவரை பார்த்ததில்லை.

முதல் கூண்டு. வளையத்தை மாட்டினேன். டேப்பை ஜன்னல் வழியே வெளியே விட்டேன். சுற்றி வந்து எடுத்துக்கொண்டு நடந்தேன். அளந்தேன். திரும்பி வந்து கழற்றினேன். ஒன்றுமில்லை.

இரண்டாவது கூண்டு. விளிம்பில் குனிந்து எண்ணைப் படித்தேன். அப்போது டேப் அசைந்தது.

இரண்டு சின்ன இழுப்பு.

காற்று என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது... காற்றே இல்லை.

திரும்பிப் போய் உள்ளே பார்த்தேன். வளையம் ஆணியில் அப்படியே இருந்தது. மணலில் என் செருப்புத் தடம் மட்டும். ஆனால் டேப் முழுவதும் பனியில் நனைந்து சில்லிட்டிருக்க, வளையத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும் காய்ந்திருந்தது. தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

எஃகு சூட்டை வைத்துக்கொள்ளாது. சீக்கிரம் விட்டுவிடும். அப்படியென்றால் ஒரு உள்ளங்கை அதை இப்போதுதான் விட்டிருக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் ஜீப்புக்கு ஓடியிருப்பார்கள். நான் மூன்றாவது கூண்டுக்கு நடந்தேன். பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

மணி ஆறு ஐந்து. ஜீப் தெரியவில்லை. கடல் தெரியவில்லை. அலைச் சத்தம் மட்டும் காலுக்குக் கீழே எங்கேயோ... தொப்... தொப்...

வளையத்தை மாட்டினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. வெளியே வந்து சுருளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இங்கே விளிம்பு பதினொரு மீட்டரில் இருக்கும். பாதை எனக்கு மனப்பாடம். ஐந்து... ஆறு... ஏழு...

எட்டில் டேப் விறைத்தது.

ஒரு நீண்ட இழுப்பு.

நில்லு. மேல போகாதே.

நின்றேன். டார்ச்சைத் தரையில் அடித்தேன். என் காலுக்கு ஒரு முழம் முன்னால் புல் முடிந்திருந்தது. அதற்கப்பால் வெறும் பனி. இரண்டரை மீட்டர் கரை போயே போயிருந்தது.

இரண்டு முறை இழுத்தேன்.

பதில் இல்லை.

பிறகு டேப் நகர்ந்தது...

கூண்டை நோக்கி. என் கையிலிருந்த சுருள் தானாகச் சுழன்றது. சர்ர்ர்... ஒன்பது. பத்து. நான் நகரவில்லை. சுவர் நகராது. மறுமுனைதான் விலகிப் போகிறது.

பதினொன்று.

பன்னிரண்டு.

கூண்டின் உள்நீளம் நான்கு மீட்டர். நானே அளந்தது. பன்னிரண்டில் பின்சுவர் இடிக்க வேண்டும்.

பதின்மூன்று...

பதினான்கு...

நின்றது.

ஜன்னலுக்கு வந்து டார்ச் அடித்தேன். ஆணி இருந்தது. வளையம் இல்லை. டேப் தரையோடு தரையாகப் பின்மூலைக்குப் போயிருந்தது. அங்கே மணலுக்குள்... நேராக... கீழே இறங்கியிருந்தது.

“நீயா?”

தாமதிக்காமல் என் வாயில் வந்த ஒரே சொல்.

டேப் மூன்று முறை இழுபட்டது.

முடிஞ்சது. சுருட்டு.

அப்புறம் ஒன்றுமில்லை...

ஒன்றுமில்லை...

பிறகு ஒன்று. சின்னதாக.

நானும் ஒன்று இழுத்தேன்.

என் அலறல் கேட்டுத்தான் ஓடி வந்ததாக ஜீப் அண்ணன் சொல்கிறார். நான் அலறியதாக நினைவில்லை. “இங்கே தோண்டுங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். பின்மூலையில் மணலை அள்ளினார்கள். அடியில் தளம் பிளந்து, ஒரு பலகை சரிந்து உள்ளே மாட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு சிறு அறை. அந்தக் காலத்தில் பீரங்கிக் குண்டுகளை அடுக்கி வைத்த இடமாம். அப்படி ஒன்று இருப்பதே எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. விளிம்பை எட்டிப் பார்த்தபோது போன் நழுவியிருக்க வேண்டும். பிறகு விரிசலைப் பார்க்க உள்ளே போனவன் அதன் மேலேயே நின்றிருக்கிறான். அவன் விழுந்ததும் மேலிருந்த மணல் சரிந்து வழியை மூடிவிட்டது.

அங்கேதான் இருந்தான்.

டேப்பின் வளையம் அவன் உள்ளங்கையில் இருந்தது. அது இறங்கிய விரிசலில் வளையம் நுழையாது. என் சுண்டுவிரல் நகம்கூட நுழையாது. தீயணைப்புக்காரர் ஒருவர் டேப்பை மேலே இழுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கடைசியில் வெட்டித்தான் எடுத்தார். “இது எப்படிம்மா உள்ளே போச்சு?” என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். இன்றும் தெரியாது.

உடலைப் பரிசோதித்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நான்தான் கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

“தலையில அடி இல்லம்மா. கால்தான் பலகைக்கு அடியில மாட்டியிருக்கு” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூணு நாள், இல்ல நாலு நாள்... உயிரோட இருந்திருக்கார்.”

வீட்டில் அத்தை வாசலிலேயே நின்றிருந்தார்.

“ரொம்ப வலிச்சிருக்குமாடி அவனுக்கு?”

“இல்ல அத்தை. விழுந்ததுமே முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னார்.”

அத்தை என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஐந்து வாரத்துக்குச் சேர்த்து அழுதோம். அன்றிரவு அவரே எழுந்து போய்க் கதவைத் தாழ்போட்டார். அந்தச் சின்னச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர் சொன்னதை நான் வீட்டிலும் சொல்லவில்லை, அலுவலகத்திலும் சொல்லவில்லை. அத்தை கதை எதுவும் படிப்பவர் இல்லை. ஜீப் அண்ணன் பேப்பரில் ராசிபலனைத் தவிர எதையும் பார்க்க மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி வேலைக்குப் போனேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

“பாப்பா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணே.”

“அவன் காணாமப் போனான்ல திங்கக்கிழமை. புதன்கிழமை அளவெடுக்க அனுப்பினாங்க. ஆள் இல்லன்னு என்னை முனை பிடிக்கச் சொன்னாங்க. மூணாவது கூண்டுல நான்தான் நின்னேன்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“காலுக்குக் கீழ ஒரு சத்தம். ரெண்டு தட்டு. டொக், டொக்னு. கொஞ்சம் விட்டு மறுபடி ரெண்டு. நான் நின்ன அவ்வளவு நேரமும்...” அவர் சாவியிலிருந்து கையை எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். “அலை அடிக்குதுன்னு நெனச்சு வந்துட்டேன் பாப்பா. அஞ்சு வாரமா அது தோணவே இல்ல. இப்ப ராத்திரியில தூங்க முடியல. டாக்டர் என்ன சொன்னாரு? அவன் எப்போ போனான்?”

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லாத மனிதர். தினமும் மத்தியானம் தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதியை அவனுக்குத்தான் எடுத்து வைப்பார்.

எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

“திங்கட்கிழமையே அண்ணே. விழுந்ததுமே போயிட்டான்.”

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

“அப்போ அது அலைதான்” என்றார்.

“அலைதாண்ணே” என்றேன்.