எக்ஸ்ரேயில் தேறாத ராட்சத ரோபோ

போன வாரம் பீரோவின் அடித்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு 3டி கண்ணாடி கையில் அகப்பட்டது. படம் முடிந்ததும் தியேட்டரில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டிய சாமான். என்னிடம் வந்தது திருட்டு வழியில்தான், ஆனால் தெரியாமல் செய்த திருட்டு. மூக்கருகே கொண்டுபோனால் யாரோ ஒருவருடைய தலையெண்ணெய் வாசனை இன்னும் அடிக்கிறது. அன்று காலைதான் ஒரு ரோபோ படத்தின் ஆறாம் பாகம் வரப்போவதாகப் பேப்பரில் படித்திருந்தேன். இந்தக் கண்ணாடி அதன் இரண்டாம் பாகத்துக்குப் போட்டுக்கொண்டது. அந்த ரோபோவின் பரம ரசிகனாக நான் திரிந்த காலம் ஒன்று உண்டு. சொன்னால் என் பெண்ணே சிரிக்கிறாள்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி செல்வராஜுடையது. காட்டூர்க்காரன். அவன் அப்பா பாய்லர் ஆலையில் முப்பது வருஷம் வெல்டராக இருந்தவர். அங்கே வெல்டர்கள் பற்றவைக்கும் ஒவ்வொரு ஜாயிண்ட்டையும், உள்ளே ஓட்டை விரிசல் உண்டா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களாம். நமக்கு நெஞ்சு சளிக்கு எடுப்பார்களே, அதே எக்ஸ்ரேதான்.

முதல் பாகத்துக்கு அவரையும் அழைத்துப் போனோம். "இரும்புப் படம்னு சொன்னீங்க, அதான் வந்தேன்" என்றார். ஆறு மாடி உயர ரோபோ திரையில் தமிழில் சவால் விட்டுக்கொண்டிருக்க, அவர் விரலை நீட்டி எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"அந்தத் தோள்பட்டை ஜாயிண்ட்டப் பாருங்கப்பா. எக்ஸ்ரே எடுத்தா பாஸ் ஆகாது."

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "பெரியவரே, கொஞ்சம் படம் பாக்க விடுங்க" என்று கும்பிட்டார். கடைசியில், உடையும் பாலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றது ரோபோ. ஜனங்கள் எல்லாரும் கடந்து போன பிறகு துண்டு துண்டாக விழுந்து செத்தது. செல்வராஜின் அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரவால்ல. வேல முடியறவரைக்கும் ஜாயிண்ட் நின்னுச்சே" என்றார்.

நாலு மாதத்தில் அவர் போய்விட்டார். மாரடைப்பு. அதன் பிறகு செல்வராஜ் ஒரு வருஷத்துக்கு சினிமா பார்க்கவில்லை. அது அவர்கள் வீட்டு வழக்கம். ஆனால் அவன் பேச்சையும் சேர்த்து நிறுத்திவிட்டதுதான் என்னைப் படுத்தியது. யாராவது அப்பாவைப் பற்றி எடுத்தால் மானிட்டருக்குள் தலையை விட்டுக்கொள்வான். பக்கத்து நாற்காலியிலேயே ஒரு சிநேகிதன் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம். அவனை எப்படியாவது மீட்டாக வேண்டும் என்று இருந்தது. முதல் வருஷத் திதி முடிந்த மறுவாரமே இரண்டாம் பாகம் வெளியானது. என் மூளையும் உடனே வேலை செய்தது.

"மொத பார்ட்ட விட பத்து மடங்குடா. நான் கேரண்டி" என்றேன். நான் பார்த்திருந்தது ட்ரெய்லர் மட்டும்.

படம் தொடங்கிப் பத்தே நிமிஷம். ஹை ஹீல்ஸ் போட்ட விஞ்ஞானி அம்மா ஒருத்தி கொட்டும் மழையில் வந்தாள். முகத்துக்கு ஷீல்டு கூட இல்லாமல் நாலு பொறி பறக்க வெல்டிங் வைத்தாள். பச்சைப் பட்டன் ஒன்றை அழுத்தினாள். செத்த ரோபோ எழுந்து நின்றது, மேலே ஒரு கீறல் இல்லை. முதல் பாகத்தில் நாங்கள் அழுத அழுகைக்கு என்ன மரியாதை? அதற்குப் பிறகு பதினெட்டு வில்லன் ரோபோக்கள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். யார் யாரை அடிக்கிறார்கள் என்று விளங்காமல் நான் கால் மணி நேரம் வில்லனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஜோக்கடிக்கும் ஒரு நாய் ரோபோ வேறு. இடைவேளைக்குள் உலகம் மூன்று முறை அழிந்தது. கதையைத்தான் யாரும் எழுதவே இல்லை.

இடைவேளை விளக்கு போட்டதும் செல்வராஜ் எழுந்து வெளியே நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். "சார், கண்ணாடி! கண்ணாடி!" என்று தியேட்டர்காரர் கத்தினார். என்னுடையதை அவர் கையில் திணித்தேன். செல்வராஜ் கழற்றிக் கொடுத்த கண்ணாடி என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு அவன் கேட்டான்: "இவ்ளோ ஈஸியாடா? ஒரு பட்டன் போதுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, எதைக் கொண்டுவந்து யாருக்குக் காட்டியிருக்கிறேன் என்று. "செகண்ட் ஹாஃப் நல்லாருக்குமாம்" என்றேன். என் ஆயுளில் பேசிய மகா மட்டமான வாக்கியம் அதுதான்.

அவன் தியேட்டர் பக்கம் திரும்பினான். பிறகு விரலை நீட்டினான். அச்சு அசல் அப்பாவின் குரல் வந்தது.

"ஷீல்டு போடாம வெல்டிங் வச்சாளே, அவ கண்ணு வெந்துபோயி, உருளைக்கிழங்கு வில்லைய வச்சிட்டு மூணு நாள் படுத்திருக்கணும்பா. இதுல ஒரு ஜாயிண்ட் கூட எக்ஸ்ரே பாஸ் ஆகாது. எல்லாத்தையும் பிரிச்சிட்டுத் திருப்பிப் போடு!"

சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் அழ ஆரம்பித்தான், ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்கு. டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ வைத்தார். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அப்பாவை அன்று இரண்டு மணி நேரம் பேசினான். எக்ஸ்ரேயில் தேறாமல் போன ஒரே ஒரு ஜாயிண்ட்டுக்காக அவர் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்ததைக்கூடச் சொன்னான். உள்ளே உலகம் நாலாவது முறையாக அழிந்துகொண்டிருந்தது.

அந்த டீக்கடை இப்போது இல்லை. பிரவுசிங் சென்டர் பிரியாணிக் கடையாகிவிட்டது. தியேட்டரை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். செல்வராஜ் மஸ்கட்டில் பைப் ஜாயிண்ட்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறான். ஆறாம் பாகத்துச் செய்தியை அவனுக்கு அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது:

"மறுபடியும் எழுப்பிட்டானுங்களா? இன்னொரு தடவ நீ கேரண்டி குடுக்காதடா, சாமி."

கண்ணாடியைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் தியேட்டர் இல்லை. போட்டுக்கொண்டு ஆறாம் பாகத்துக்குப் போகலாம் என்றால், பக்கத்து சீட்டிலிருந்து ஜாயிண்ட்டைக் காட்டும் அந்த விரல் இல்லை.