ஒரு கிலோவில் வராத குழம்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆபீசில் அது எல்லாருக்கும் தெரியும், வீட்டில் கேட்கவே வேண்டாம். புனேவுக்கு வந்து ஏழு வருடம் கழித்து, தேஹு ரோட்டில் இருக்கிற எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கும் அது தெரியவந்தது.

சபையின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு, அதாவது கோயில் கட்டித் திறந்த நாளுக்கு, என்ன சாப்பாடு என்று ஆராதனை முடிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல பிரியாணி என்றார் செயலாளர். அவர் பள்ளிக்கூட டீச்சர். அவருடைய அப்பா இளவயதில் இங்கே ராணுவ டெப்போ வேலைக்கு வந்தவர். டீச்சர் பிறந்து வளர்ந்ததெல்லாம் தேஹு ரோடுதான். நான் சும்மா இருந்திருக்கலாம். "பண்டிகைக்குப் பிரியாணியா? அசனம் இல்லாம அது என்ன பண்டிகை?" என்று கேட்டுவிட்டேன்.

அசனம் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்களில் பண்டிகைக்கு ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். அந்தக் குழம்பின் ருசி வேறு எந்தக் குழம்பிலும் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறி விழவில்லை என்று பந்தியில் யாராவது சண்டை பிடிக்காத அசனத்தை நான் பார்த்ததே இல்லை. "அவனுக்குக் கறி, எனக்கு எலும்பா?" என்று ஒருவர் இலையை விட்டு எழும்புவார். வாளி தூக்குகிறவன், "அடுத்த அசனத்துல பாத்துக்கிடலாம், உக்காருங்க அண்ணாச்சி" என்பான். காலேஜ் படித்த காலத்தில் அப்படி வாளி தூக்கியவன் நான். அசனத்தில் என் அனுபவம் அவ்வளவுதான். குழம்புப் பானைப் பக்கம் என்னை யாரும் விட்டதில்லை.

இந்த விவரத்தை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

"நூத்தம்பது பேருக்கு ஜேவண் போடுறது என்ன மஜாக்கா?" என்றார் டீச்சர். சாப்பாடு ஜேவண், விளையாட்டு மஜாக்; அவர் தமிழில் மராட்டி அப்படித்தான் கலக்கும். "நீங்க மகர்பட்டாவில கம்ப்யூட்டர் தட்டுற ஆளு."

"தட்டுற கைதான் அண்டாவுல துடுப்பும் பிடிக்கும்" என்றேன்.

"சரி. ஆனா இங்க யாரும் அசனம் சாப்பிட்டதில்ல. நீங்க எதை ஊத்தினாலும் இதுதான் அசனம்னு சொல்லிட்டுப் போயிடலாம். எங்க அப்பா இருபது வயசு வரைக்கும் சாப்பிட்டிருக்கார். அவர் ஒத்துக்கட்டும், நானும் ஒத்துக்கிறேன். இல்லேன்னா இனிமே எல்லா வருஷமும் பிரியாணிதான். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி என்றேன்.

ஹடப்சரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி, "உங்களுக்கு ரசமே ஒழுங்கா வராது" என்றாள். அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான், அசனச் சாப்பாடு அறிந்தவள். அதனால் அவளையே நடுவராக வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். மூன்று சனிக்கிழமை, ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ கறி. தமிழ்ச் சாமான்கள் கிடைக்கும் ராஸ்தா பேட்டுக்குப் போய்ச் சின்ன வெங்காயமும் கருவேப்பிலையும் வாங்கி வந்தேன். தேங்காயைக் குறைத்தேன், கூட்டினேன், சீரகத்தை வறுத்தேன், வறுக்காமல் போட்டேன். மூன்று முறையும் மனைவி நன்றாகத்தான் சாப்பிட்டாள். மூன்று முறையும் ஒரே தீர்ப்பு: "நல்ல கறிக்குழம்பு. அசனம் இல்ல."

அவள் சொல்வது எனக்கும் தெரிந்தது. அதுதான் எரிச்சல். வேறு வழியில்லாமல், ஊரில் வருடா வருடம் அசனம் வைக்கிற என் அத்தானுக்குப் போன் செய்தேன்.

"ஒரு கிலோவுக்கா வச்ச?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார், சிரித்தார், அப்படிச் சிரித்தார். "அது ஒரு கிலோவுல வராதுல, மாப்ள. அண்டாவுலதான் வரும்."

"மசாலா அளவையாவது சொல்லுங்கத்தான்."

"மசாலாவ யாருல அளந்தா? வீட்டுக்கு ஒரு செம்பு பொடி கொண்டாந்து குடுப்பாவ. அம்புட்டையும் ஒண்ணாக் கொட்டிக் கெளறுவோம். அதுல எந்த வீட்டுப் பொடி எம்புட்டு இருக்குன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்."

போனை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டேன். சின்ன வயதில் கோயில் வாசலில் நின்று பொடியை வாங்கி டிரம்மில் கொட்டிய பயல்களில் நானும் ஒருவன். கண்ணெதிரே நடந்ததைப் பார்க்காமல் மூன்று கிலோ கறியைத் தின்று தீர்த்திருக்கிறேன். என் வீட்டுப் பொடியை எத்தனை முறை வைத்தாலும் அது என் வீட்டுக் குழம்பாகத்தானே இருக்கும்?

அன்றைக்கே சபை வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பண்டிகையன்று வீட்டுக்கு ஒரு டம்ளர் குழம்புப் பொடி. கடைப் பாக்கெட் கூடாது, உங்கள் வீட்டில் அன்றாடம் போடுவது எதுவோ அது. ஒத்திகை இனி கிடையாது. வந்தால் நூற்றைம்பது பேருக்கு வரும், வராவிட்டால் நூற்றைம்பது பேர் முன்னால் வராது.

பண்டிகையன்று ஆறு மணிக்கெல்லாம் கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டிவிட்டோம். ஹடப்சரிலிருந்து என்னோடு வந்த ஐ.டி. நண்பர்கள் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெங்காயம் உரித்தார்கள். பொடிகள் வர ஆரம்பித்தன. நாகர்கோவில்காரர் வீட்டுப் பொடி கறுப்பாக, மிளகு மணத்தோடு இருந்தது. வேலூர் வீட்டுப் பொடி செங்கல் நிறம். கோயமுத்தூர்ப் பெண் கொண்டுவந்ததில் மல்லிதான் முக்கால்வாசி. ஒவ்வொன்றையும் வாங்கிப் பெரிய தாம்பாளத்தில் கொட்டினேன்.

கடைசியாக டீச்சர் வந்தார். மூடி போட்ட டம்ளரை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். "எங்க வீட்ல குழம்புப் பொடி கிடையாது, காந்தா-லசூண் மசாலாதான். அம்மா பக்கத்து வீட்டு மராட்டிக்காரங்ககிட்ட கத்துக்கிட்டது. வேணாம்னா பரவாயில்ல."

வெங்காயத்தையும் பூண்டையும் வறுத்து இடித்த மசாலா. மூடியைத் திறந்ததுமே நெடி ஏறியது. அசனக் குழம்பில் இதுவா? ஒரு நிமிடம் தயங்கினேன். இது விழுந்து ருசி மாறினால் அவருடைய அப்பாவே என்னைத் தோற்கடித்துவிடுவார். ஆனால் வீட்டுக்கு ஒன்று என்று எழுதியவன் நான். அந்த வீட்டை மட்டும் எப்படி விடுவது? கொட்டிவிட்டேன்.

பத்து மணிக்கு அண்டாவில் வெறும் பச்சை வாடை. தொட்டு நக்கினால் காரம் ஒரு பக்கம், மல்லி ஒரு பக்கம், ஒன்றோடொன்று பேசாமல் நின்றன. டீச்சர் போனும் கையுமாக வந்து, "பிரியாணிக்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். பதினொண்ணுக்குள்ள வேணாம்னு சொல்லலேன்னா அனுப்பிடுவார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அரைத்த தேங்காயை ஊற்றி, விறகைத் தள்ளிவிட்டுக் கிளறினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருந்தது.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எண்ணெய் பிரிந்து மேலே வந்தது. கூடவே அந்த மணமும் வந்தது. வெங்காயத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்த என் மனைவி துடைப்பத்தோடு அப்படியே நிமிர்ந்து நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படி ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

டீச்சர் உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றினேன். "எனக்குத் தெரியாது, நான் சாப்பிட்டதில்ல" என்றார். ஆனால் அந்த இடத்திலேயே போனைக் காதில் வைத்து, "பையா, ஆஜ் ரெஹ்னே தோ" என்று பிரியாணியை நிறுத்திவிட்டார்.

நான்கு பந்தி. வாளியை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு உண்மையாகவே தெரிந்த வேலை அது ஒன்றுதானே. சாப்பிட்டவர்கள் "ஏக் நம்பர்" என்றார்கள், "மஸ்த்" என்றார்கள், மூன்று முறை சோறு வாங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் எதுவோ குறைந்தது. எல்லாரும் அவ்வளவு மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்கள். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினார். கடைசி வாளியில் கிடந்ததை அவசரமாக அள்ளிப் போட்டேன். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் அப்பாவுக்காக அதை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது டீச்சரிடமிருந்து போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள்.

"அப்பா உங்ககிட்டதான் பேசணுமாம்" என்றார் டீச்சர். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகு ஒரு கிழட்டுக் குரல், அறுபது வருடம் புனேயில் இருந்தும் துளியும் மாறாத எங்கள் ஊர்க் குரல், ஆத்திரத்தோடு வந்தது.

"ஏல, வாளி தூக்குனது எவம்ல? கறிய எல்லாம் தெரிஞ்சவனுக்கு அள்ளிப் போட்டுட்டு, எனக்கு மட்டும் எலும்பாப் போட்டுருக்க? ஒரு அசனத்துலயாவது எனக்கு நல்ல கறி விழுந்துருக்கால?"

கையில் இருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டேன். சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்தான்.

"அடுத்த அசனத்துல பாத்துக்கிடலாம், உக்காருங்க அண்ணாச்சி."

அந்தப் பக்கம் டீச்சர் சிரிப்பது கேட்டது. "சரி, அடுத்த வருஷம் எத்தனை கிலோ கறி சொல்லணும்?" என்று கேட்டார்.