டீ ஆறும்வரை

டீ நன்றாக ஆறி ஆடை படிந்த பிறகுதான் அவர் குடிப்பார். கும்மிடிப்பூண்டியில் சின்ன மரவாடி வைத்திருந்தார். குள்ளமான ஆள், புருவமெல்லாம் மரத்தூள்.

எழுபதுகளில் என் முதலாளிதான் மர வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். அவருக்கு நான் லாரியும் காரும் ஓட்டினேன். ஆரம்பாக்கம் சோதனைச்சாவடியில் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் லோடை விட்டுவிடுவார்கள். ஒருமுறை மரவாடிக்காரரின் மாம்பலகை லோடு அங்கே மாட்டியது. முதலாளியிடம் கெஞ்சினார். "இவன் நம்ம சங்கத்து ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறிக்கொண்டார். பலகை மழையில் ஊறிப் பாழானது.

மறுமாதமே மனிதர் சங்கத்தில் சேர்ந்தார். யாருடைய லாரி நின்றாலும் ஓடினார். அடுத்த தேர்தலில் தலைவரும் ஆனார்.

பிறகு என் லாரியே அந்தச் சோதனைச்சாவடியில் மாட்டியது. முதலாளி பதறி வந்தார். "இவர் உங்க ஆளா?" என்று அதிகாரி, பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்த புதுத் தலைவரைக் கேட்டார்.

"இருங்க சார், டீ சூடா கீது."

முதலாளி வெயிலில் நின்றார். அந்த டீ ஆறவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். தலைவர் குடித்து முடித்து, "நம்ம சங்கத்து ஆளுதான், வுட்டுடுங்க" என்றார். முதலாளி கும்பிட்டார்.

"நாசமா போவட்டும்னு வுட்டிருக்கலாமே?" என்று தலைவரிடம் தனியாகக் கேட்டேன்.

"அப்டி வுட்டா ஒரு லோடோட போச்சு. இப்போ மாசாமாசம் மீட்டிங்குல என் எதுர்ல வந்து குந்தணும் இல்ல?"

ஒவ்வொரு மீட்டிங்குக்கும் முதலாளியை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஒருநாளும் தாமதித்ததில்லை.