மருந்தடித்த சுவர்

பேரையூருக்கு முன்னால் பஸ் பஞ்சராகி நிற்கிறது. தண்ணீர் கேட்டு ரோட்டோர வீட்டுக்குப் போகிறேன். மலேரியாக்காரர்கள் நேற்றுத்தான் டி.டி.டி. அடித்த மண்சுவர். அந்த வெள்ளைத் திட்டுகளின் மேல் வீட்டுக்கார அம்மா சாணி மெழுகிக்கொண்டிருக்கிறார்.

"மெழுகிட்டா மருந்து கொசுவைக் கொல்லாதும்மா."

"நாளைக்கு மகளைப் பொண்ணு பாக்க வாராகண்ணே. சுவரு இப்படித் திட்டுத்திட்டா இருந்தா என்ன நெனைப்பாக?"

உள்ளே அந்த மகள் குளிர்காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு சுவரையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்கிறேன்.

"மாட்டுக்கொட்டத்துல கை வைக்கலண்ணே" என்கிறார், என்னைச் சமாதானப்படுத்துவது போல. "வாயில்லாச் சீவன். அதைக் கொசு கடிச்சா யாருகிட்டச் சொல்லும்?"