பசிக்காத நோன்பு

நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கு வாரம் ஒரு ஊசி போடத் தொடங்கியதும் எனக்குப் பசியே இல்லாமல் போனது. நோன்பு மாதம் லேசாகப் போகும் என்று சந்தோஷப்பட்டேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, பசியில்லாததால் சாப்பிடாமல், வழக்கமான சீனி மாத்திரையை மட்டும் விழுங்கினேன்.

அன்று பின்னேரம் கஞ்சியைக் கிண்டும்போது ரம்பை இலை மணம் வந்தது. என் நாக்கு ஊறவில்லை. திடீரென்று வேர்த்துக் கொட்டியது. அகப்பை நழுவியது. சாகப்போகிறேன் என்று நினைத்த அந்த நேரத்திலும் வயிறு ஒன்றும் கேட்காமல் சும்மா கிடந்தது. அதுதான் பெரிய பயம்.

கணவர் சீனித் தண்ணியை வாயருகே பிடித்தார்.

"நோன்பு முறிஞ்சிருமே," என்றேன்.

"பொறகு புடிக்கலாம். நீ குடி." குடித்தேன்.

மாத்தளை டொக்டர் விளக்கினார். "போதும்னு மூளைக்குச் சொல்ற ஹோர்மோன் மாதிரிதான் இந்த ஊசி. பசியோட சாப்பாட்டு ஆசையும் அடங்கிரும். அதுக்காக உடம்புக்குச் சாப்பாடு வேணாம்னு இல்லைங்க. சாப்பிடாம மாத்திரை போட்டதாலதான் சீனி ஒரேயடியா எறங்கிருச்சு. மாத்திரையைக் கொறைப்போம்."

இப்போது பயத்தில், நேரம் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். நேற்று கொத்து ரொட்டிக் கடையைத் தாண்டும்போது வயிறு லேசாக இரைந்தது. இன்னொரு தரம் இரையுமா என்று தெருவிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.