இடக்கைக் கத்தி

தேங்காய் உடைக்கிற பெரிய கத்தியைக் காணவில்லை. தேடப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. காலையில் குசினிக் கத்தியாலேயே நாலு போடு போட்டேன். தேங்காய் உடைந்தது, கத்தியின் வாயும் பல் பல்லாய்ப் பெயர்ந்துபோனது. பக்கத்து வளவுத் தம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "புதுசு ஒண்டு வாங்குங்கோவன் அண்ணை" என்றான். "ஓம், பாப்பம்" என்றேன்.

அரத்தோடு கிணற்றடிக்குப் போனேன். பல்லெல்லாம் போகும்வரை வாயைத் தட்டையாக அராவவேண்டும். பிறகு கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டவேண்டும். ஈர இரும்பின் மணம் மூக்கில் ஏறியதும் அவள் நினைவு வந்துவிட்டது. என் மனைவி இதே கல்லில்தான் இந்தக் கத்தியை, இடக்கையால், ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டுவாள்.

அவள் இடக்கைக்காரி என்பதைக் கலியாணம் பேசியபோது யாரும் சொல்லவில்லை. சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயமாம். நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கு அதனால் லாபந்தான். அவள் தீட்டிய கத்தியை நான் பிடித்தால் கத்தரிக்காய் கோணிக்கொண்டு போகும். "இஞ்சை தாங்கோ, உது என்ரை கைக்குப் பழகினது" என்று பறித்துவிடுவாள். நானும் நல்ல பிள்ளைபோல் கூட்டுறவுச் சங்கக்கடை வேலைக்குக் கிளம்பிவிடுவேன். எங்கள் உடையார்கட்டு ஊரில் மற்ற ஆம்பிளைகள் குசினி வேலையிலிருந்து சும்மா தப்பினார்கள். என்னிடம் காரணம் இருந்தது.

சண்டையில் இடம்பெயர்ந்த நேரமெல்லாம் இந்தக் கத்தி உரப்பையில் சுற்றியபடி அவளோடு வந்தது. தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் அவள் முதலில் தேடியது இதைத்தான். அங்கெல்லாம் கத்தியில் ஒரு கீறல் விழவில்லை. போன வருடம் அவள் நெஞ்சு நோவில் போய்விட்டாள். அன்றிலிருந்து இதே கத்தியால் வெட்டிக் கோணல் கறிதான் தின்கிறேன். அதை ஒரு தேங்காய்க்குக் கெடுத்துவிட்டேனே என்று என்னிலேயே கோபம் வந்தது.

அவள் தீட்டிய சரிவை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். பல் ஆழம், முழுவதும் அராவ வேண்டியதாயிற்று. சரி, புதுச் சரிவையும் அவள் பக்கமே வைப்போம் என்றுதான் கத்தியைக் கல்லில் வைத்தேன். தீட்டத் தீட்ட மனதுக்குள் அவளோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன். கழுவித் துடைத்துப் பார்த்தால், என் வலக்கை தன்பாட்டில் தன் பக்கத்தையே தீட்டி முடித்திருந்தது. அலகு மெலிந்துபோயிற்று. மாற்றித் தீட்டினால் கத்தியே மிஞ்சாது.

குசினிக்குள் போய் ஒரு வெங்காயம் வெட்டினேன். நேராக, மெல்லிசாக விழுந்தது. கத்தியை இடக்கைக்கு மாற்றி ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன். கோணிக்கொண்டு போனது. இனி அவளே வந்தாலும் இதால் வெட்ட முடியாது.