பாதைப் பக்கம் கதவு

லண்டனில் ஸ்ட்ரெதம் பகுதியில் இருந்த கடையை விற்ற கையோடு நான் படுத்துச் சமைத்து ஊர் சுற்றக்கூடிய பழைய மோட்டர்ஹோம் ஒன்று வாங்கினேன். சட்டன் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியதும் முன்னறை இருட்டிப்போனது. மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சொந்தக்காரர்கள் போன் எடுத்து நக்கலடித்தார்கள். கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் கிடந்து சீரழிந்து வந்த சனம் நாங்கள், லண்டனில் சொந்த வீடு இருக்க எதற்காகத் திரும்பவும் தகரத்துக்குள் போய்ப் படுக்க வேண்டும் என்று கேட்டார்கள்.  கடைக்குள் நின்று நின்றே வயது போய்விட்டது. கடலைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

எங்களோடு மனைவியின் தங்கையும் இருக்கிறாள். எங்கள் நாட்டில் நடந்த போரின் கடைசி நாட்களில், கடலுக்கும் நீரேரிக்கும் நடுவே கிடந்த ஒடுங்கிய மணல் துண்டில் சனத்தோடு சனமாக நடந்து வந்தவள். கணவர் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை. அவர் இறந்ததைக் கண்டவரும் இல்லை, பிறகு உயிரோடு கண்டவரும் இல்லை. முள்ளுக்கம்பி போட்ட முகாமில் கிடந்து, எப்படியோ லண்டன் வந்து சேர்ந்தாள். இன்றுவரை பொட்டு வைக்கிறாள். தாலி கழுத்தில் கிடக்கிறது. திவசம் செய்வதில்லை. யாராவது கேட்டால், செத்த நாள் தெரியாமல் எந்த நாளில் செய்வது என்று திருப்பிக் கேட்பாள். அதோடு கதை முடிந்துவிடும்.

மனைவிக்கு அது முடிந்த கதை அல்ல. ஒரு தரமாவது எள்ளும் தண்ணீரும் விட்டால் அவரும் போய்ச் சேருவார், இவளும் ஒரு வாழ்க்கை வாழ்வாள் என்பது அவளுடைய எண்ணம். தங்கையோ அதைச் செய்ய விட மாட்டேன் என்று நின்றாள். எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் பல வருடமாக நடந்துவந்த சண்டை இது ஒன்றுதான்.

மோட்டர்ஹோம் நிறுத்தும் இடங்களை ஆங்கிலத்தில் 'காம்ப்சைட்' என்பார்கள். அந்தச் சொல்லில் வரும் 'காம்ப்', அதாவது முகாம், எங்கள் வீட்டில் யாருடைய வாயிலும் வராது. 'இடம்' என்போம். எந்த இடத்துக்குப் போகிறோம், இடம் எடுத்தாச்சா, இப்படித்தான். தங்கை முதலில் வரவே மாட்டேன் என்றாள். தனியாக விட்டுவிட்டுப் போக மனைவிக்கு மனம் வரவில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு முறை கூட்டிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு இடம் பார்க்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

எனக்கு வேண்டியவை சாதாரணமானவை. மழை பெய்தால் டயர் புதையாத கெட்டித் தரை, மின் இணைப்பு, சுத்தமான குளியலறை. எங்கள் சோற்றுக் குக்கரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் நின்றுவிடும். அதையும் தாங்கக்கூடிய இடமாக இருந்தால் புண்ணியம். அவள் இவை எதையும் பார்க்க மாட்டாள். குசினி மேசையில் போனை வைத்துக்கொண்டு, மேலிருந்து எடுத்த படத்தை விரல்களால் பெருப்பித்துப் பெருப்பித்துக் கரையோர நடைபாதையை மட்டும் பார்ப்பாள். பாதை இடத்தை ஒட்டிப் போக வேண்டும். அங்கே இரண்டாகப் பிரியக் கூடாது. எங்களுக்குத் தருகிற துண்டு நிலம் பாதைக்கு மிகக் கிட்டவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாகனத்தின் கதவு பாதைப் பக்கம் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை என் உயிரை எடுத்தது. இடத்துக்குப் பொறுப்பானவர்கள் ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளை அடித்து வைத்திருப்பார்கள். வாகனத்தின் பின்புறம் அதற்கு நேரே வரும்படி எல்லோரும் ஒரே மாதிரி நிறுத்த வேண்டும் என்பது சட்டம். எங்கள் கதவோ இடது பக்கம். பாதை வலது பக்கம் இருந்துவிட்டால் நான் தொலைந்தேன். பச்சைச் சட்டை போட்ட மேற்பார்வையாளரிடம் போய்ப் பல்லைக் காட்டி, மச்சாளுக்குச் சுகமில்லை, கடல்காற்றுப் படவேண்டும் என்று புளுகி, முழு வாகனத்தையும் மறுபக்கம் திருப்பி நிறுத்துவேன். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் நாற்காலியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

மடக்கு நாற்காலிகள் நாலு சேர்ந்த கட்டாக வந்தபடியால் நாலு இருந்தன. மூன்று பேருக்கு மூன்று போதாதா என்று நான் முறுமுறுத்தாலும் அவள் நாலையும் விரித்து வைப்பாள். பொருளை வாங்கிவிட்டுப் பூட்டி வைக்க விரும்பாத குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு விஷயத்துக்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பயம். ஆபத்து என்றால் இறங்கி ஓட வழி தெரிய வேண்டும், அதுதான் பாதையைப் பார்க்கிறாள் என்று மனைவிக்கு விளக்கம் சொன்னேன். மனைவி அதை ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் அடைந்து கிடப்பவளுக்கு நாலு மனிதரைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான் என்றாள். தங்கையிடம் நேரே கேட்க எங்கள் இருவருக்கும் துணிவு வரவில்லை.

ஒரு முறை கொட்டும் மழை. நான் களைத்துப்போய், நீ என்னவாவது செய் என்று கதவு வேலிப் பக்கம் இருக்கும்படியே நிறுத்திவிட்டேன். அவள் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கி, நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்து, பாதையைப் பார்த்தபடி இருந்தாள். மனைவி கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விசர் பிடித்த குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று கத்தினேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு நானே போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். பாதையில் ஒரு நாய்கூடப் போகவில்லை. அவள் கண்ணை மட்டும் எடுக்கவில்லை. 

போன கோடையில் அவள் ஒரு புது இடம் கண்டுபிடித்தாள். தெற்குக் கரையில், லண்டனில் இருந்து அரை நாள் ஓட்டம். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் நீரேரி. இரண்டுக்கும் நடுவே நீட்டுக்குக் கூழாங்கல் திட்டு. நீரேரிக் கரையை ஒட்டி நடைபாதை, அதன் ஓரத்தில் மோட்டர்ஹோம்கள் நிற்கும் புல்வெளி. மனைவி எட்டிப் பார்த்தவள் அப்படியே நாற்காலியில் இருந்துவிட்டாள். அந்தப் படத்தை நாங்கள் வேறொரு நாட்டு வரைபடத்தில், செய்திகளில், வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். "இதை எடுங்கோ, அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கை எழுந்து போனாள்.

அன்றைக்கே மனைவி கோயில் ஐயரிடம் போய்விட்டாள். தங்கை மனம் மாறிவிட்டாள், அதனால்தான் அப்படி ஓர் இடத்தை எடுத்திருக்கிறாள், வாயால் சொல்ல முடியாமல் படத்தைக் காட்டுகிறாள் என்பது அவளுடைய கணக்கு. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கடற்கரையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னாராம். நான் அமாவாசை பார்த்து இடத்தைப் பதிவு செய்தேன். மனைவி கறுப்பு எள்ளும் தர்ப்பையும் செம்பும் தேடி எடுத்து, சோற்றுக் குக்கருக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். தண்ணீர் விடும் வேலை எனக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. மோட்டர்ஹோமில் போகும்போதெல்லாம் யாரோ கூட வருவது போன்ற ஒரு கனம் எனக்கும் இருந்தது. அது இறங்கட்டும் என்று நினைத்தேன்.

போய்ச் சேர்ந்தது மத்தியானம். நல்ல காலத்துக்குப் பாதை இடது பக்கம் இருந்தது, திருப்ப வேண்டி வரவில்லை. அவள் நாலு நாற்காலியையும் விரித்தாள். தேநீர் குடித்து முடிந்ததும் மனைவி உள்ளே போய்ச் செம்பையும் எள்ளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நாளைக்கு அமாவாசை, அத்தான் விடுவார், நீ பக்கத்தில் நின்றால் போதும் என்று மெதுவாகச் சொன்னாள்.

அவள் செம்பைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை.

"அக்கா, நான் இந்த இடத்தை அதுக்கு எடுக்கேல்லை" என்றாள். "நீ திரும்பிப் பாராதை, நேர நட, நான் பின்னால வாறன் எண்டு அவர் சொன்னவர். நான் சொல்லுக் கேட்டு நடந்திட்டன். கனதூரம் போய்த்தான் திரும்பினனான்."

 அவள் பாதையைக் கையால் காட்டினாள்.

"அவர் இங்கிலாந்துக்கு நடந்து வருவார் எண்டு நினைக்க எனக்கு விசர் இல்லை. ஆனா ஒரு பாதைக்கு முதுகு காட்டிக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது. பின்னால வாற ஆளுக்கு வாசல் தெரிய வேணும்."

நான் நாலாவது நாற்காலியைப் பார்த்தேன். இத்தனை பயணமும் அதன் மேல் என் ஈரச் சப்பாத்தையும் துவாயையும் எறிந்துவிட்டு, அவள் பேசாமல் எடுத்து அப்பால் வைப்பதைக் கண்டும் காணாதவனாக இருந்திருக்கிறேன். மனைவி அழுதுகொண்டே செம்பைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள்.

மறுநாள் காலை மூவரும் நீரேரிக் கரையோடு நடந்தோம். ஓக் விதைப் படம் செதுக்கிய மரக்கம்பங்கள் வழி காட்டின. வழக்கம்போல அவள் முன்னால், நடுவில் மனைவி, கடைசியில் நான். திட்டுக்கு அப்பால் கடல் இரைந்தது, இந்தப் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு வளைவில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார ஒரு வாங்கு இருந்தது. கூப்பிட்டு நிறுத்துவானேன் என்று நினைத்து, அதில் இருந்து காலை நீவினேன். அவர்கள் வளைவுக்கு அப்பால் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஓடிவரும் சத்தம் கேட்டது. அவள்தான். தலைமயிர் அவிழ்ந்து, மூச்சு வாங்க, என்னைக் கண்ட பிறகும் நிற்காமல் ஓடிவந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அன்றைக்கு அந்த மணலில் அவள் திரும்பிப் பார்த்தபோது இருந்த முகம் இதுவாகத்தான் இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

"சொல்லிப்போட்டு நிக்கத் தெரியாதோ?" என்றாள். 

முழங்கால் பிடித்துக்கொண்டது என்று உளறினேன். வளைவுக்கு அப்பாலிருந்து மனைவியும் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தாள். தங்கை என் கையை விடாமல் எழுப்பி நிறுத்தி, இனி நீங்கள் இரண்டு பேரும் முன்னுக்கு நடவுங்கோ, நான் பின்னால வாறன் என்றாள். சொன்ன பிறகுதான் எந்த வார்த்தையைச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கியது.  பிறகு போங்கோ என்று கையைக் காட்டினாள்.

நாங்கள் முன்னால் நடந்தோம். பின்னால் அவளுடைய காலடி சரளையில் கேட்டுக்கொண்டே வந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று கேட்பது போலவும் இருந்தது. சரளைக்கல் அப்படித்தான் சத்தம் போடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

எள் எங்களோடு சட்டனுக்கே திரும்பி வந்தது. சில கிழமைகள் அலுமாரியில் கிடந்தது. ஒரு நாள் மனைவி அதை வறுத்துச் சர்க்கரை போட்டு இடித்து எள்ளுருண்டை பிடித்தாள். மூவரும் சாப்பிட்டோம்.

அடுத்த பயணத்துக்கு இடத்தை அவள்தான் பார்த்தாள், பதிவு செய்ய நான் போன் எடுத்தேன். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். கதவு பாதைப் பக்கம் இருக்க வேண்டும் என்றேன். அலுவலகத்தில் இருந்த பெண், ஏன் என்று கேட்டாள். வழக்கமான புளுகைத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டேன். எங்களில் ஒருவர் பின்னால் நடந்து வருகிறார், அவருக்குத் தெரிய வேண்டும் என்றேன்.

அப்படியானால் மொத்தம் நாலு பேரா, அவரையும் சேர்த்துப் போடட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.  மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் தாலியை விரல்களால் பிடித்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் அந்தப் பெண் திரும்பவும் ஹலோ என்றாள்.

"மூண்டு பேர் எண்டு சொல்லுங்கோ, அத்தான்" என்றாள் அவள். "கதவு மட்டும் அந்தப் பக்கமே இருக்கட்டும்."